கசெற்றில் வந்த சூசை அண்ணை

ஹோர்சன்ஸிலிருந்து தொலைபேசி வந்தபோது நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். சூசை அண்ணை காலமாகிவிட்டார் என்றார்கள். குசினி வாசலில் நின்ற என் மனைவி றெஜினாவிடம் சொன்னேன்.

"அப்ப இனி ஆர் வாசிக்கிறது?" என்று கேட்டவள், உடனே வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள்.

அண்ணை அதைக் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். ஏனென்று அவரை அறியாதவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதற்காகவே, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிம்மதியாக வாழவிட்ட நான் இன்று பேனை பிடித்திருக்கிறேன்.

மன்னாரில் பிறந்த அண்ணை, ஹோர்சன்ஸ் என்ற டேனிஷ் நகரில் ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தார். மாதமொருமுறை நடக்கும் தமிழ்ப் பூசையில் வேதாகம வாசகம் வாசிப்பவர் அவரே. மைக் இல்லாமலே கோயிலின் கடைசி வாங்குவரை கேட்கும் குரல் அவருடையது.

சென்ற வருடம் றெஜினாவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்தது. பல மாதங்களுக்குப் புத்தகத்தைத் தொடவே கூடாது என்றார் டொக்டர். கறி கருகினாலும் கதைப் புத்தகத்தைக் கீழே வைக்காதவள் அவள். கோல்டிங் நகரில் எங்கள் வீட்டில் நாள் முழுக்கத் தனியே இருந்தாள். டேனிஷ் வானொலியும் விளங்காது. நானே வாசித்துக் காட்டப் புறப்பட்டேன். கதாநாயகிக்குக் கீச்சுக் குரல், தகப்பனுக்கு இருமல், சாவு வீட்டுக் காட்சியில் உண்மையான ஒப்பாரி. எங்கள் சின்ன மகள் காதைப் பொத்திக்கொண்டு டேனிஷில் "அப்பா, போதும்" என்றாள்.

"இஞ்சேருங்கோ, கதையில வாற அந்தப் பெட்டை என்ன பூனையோ?" என்றாள் றெஜினா. பிறகு, "வேண்டாமப்பா. எனக்குக் கதையே வேண்டாம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். அதன்பின் என்னோடு கதைப்பதும் குறைந்தது. எனக்குப் பயம் பிடித்தது.

பூசை முடிய அண்ணையிடம் சொன்னேன். "கசெற்றில வாசிச்சு அனுப்பிறன், தம்பி" என்றார். அடுத்த கிழமை, ரெயினில் வந்த ஒருவரின் கையில் முதல் கசெற் வந்தது. அது ஒரு துப்பறியும் நாவல். ஆனால் அண்ணைக்குத் தெரிந்தது கோயில் வாசிப்பு ஒன்றுதானே! அதில் ஒரு வேட்டைக்காரன் கத்தியை உருவியதையும் அதே பக்தியோடு நீட்டி வாசித்தார். ஒரு பிணம், ஓடை நிறைய இரத்தம். அத்தியாயம் முடிந்ததும் பழக்கதோஷத்தில், "இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு" என்றார்.

கண்ணில் கட்டோடு கிடந்த றெஜினா, "இறைவா உமக்கு நன்றி" என்று பூசையில் போலவே பதில் சொல்லிவிட்டாள். பிறகு கட்டிலே ஆடும்படி சிரித்தாள். அந்த வீட்டில் பல நாட்களாகக் கேளாத சத்தம் அது.

விசயம் அறிந்த அண்ணை வெட்கப்பட்டு வீட்டுக்கே வந்தார். "தங்கச்சி, எப்பிடி வாசிக்கிறது எண்டு சொல்லித்தாருமன்."

"எனக்கு முன்னால இருந்து கதைக்கிற மாதிரி வாசியுங்கோ. இடைக்கிடை கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. இவரை மாதிரி நீங்களே அழாதேங்கோ. அழுறது கேக்கிற ஆக்களின்ர வேலை."

"இவரின்ர கசெற் ஏதும் இருக்கோ? எப்பிடி வாசிக்கக்கூடாது எண்டு பழகலாம்" என்றார் அண்ணை. இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். நானும்தான், வேறென்ன செய்ய?

அதற்குப் பிறகு வந்த கசெற்றுகளில் அண்ணை எங்கள் அறைக்குள் வந்து உட்கார்ந்து கதை சொன்னார். அவர் நிறுத்தும்போது றெஜினாவும் மூச்சை நிறுத்துவாள். கசெற்றுகள் கைமாறி விபோர்க் நகரத்துத் தமிழ் வீடுகள்வரை போயின. அங்கும் சமையல் கருகுவதாகக் கேள்விப்பட்டோம். அவர் கடைசியாக வாசித்த துப்பறியும் நாவலில் அந்த இடைவெளிகள் இன்னும் நீண்டன. "அண்ணை இப்ப பெரிய கலைஞன்" என்று புகழ்ந்தோம்.

அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. "நிப்பாட்டினது நானில்லை, தங்கச்சி. மூச்சு" என்றார்.

றெஜினா பதறினாள். "அப்ப இனி வாசிக்காதேங்கோ அண்ணை!"

"கொலைகாரனைப் பிடிக்காமல் எப்பிடி விடுறது?"

"ஆர் அவன்? எனக்கு மட்டும் சொல்லுங்கோ."

"சொல்லமாட்டன். சுகமாகி வந்து வாசிப்பன்" என்று கண்ணை மூடிக்கொண்டார், சிரித்தபடி.

இறுதி அத்தியாயம் மிஞ்சிவிட்டது. அடக்கம் முடிந்த மறுநாள், கண் தேறிவிட்ட றெஜினா அண்ணையின் மகளிடம் அந்தப் புத்தகத்தை வாங்கிவந்தாள். விபோர்க்காரரும் காத்திருக்கிறார்களே! ரேப் ரெக்கோடரை முன்னால் வைத்து அவளே வாசித்தாள். மூச்சுவிடும் சத்தம் பதிவாகும் என்று என்னை மகளோடு வெளியே அனுப்பிவிட்டாள். திரும்பி வந்தபோது அந்த நாவலுக்கு அண்ணை அனுப்பிய பழைய கசெற்றுகளைத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாருங்கோ, இவன்தான் செய்தவன். எல்லாக் கசெற்றிலயும் கதைச்சிருக்கிறான்" என்றாள்.

ஒன்றுவிடாமல் கேட்டோம். பெயரை இங்கே எழுதமாட்டேன். விபோர்க்கில் அடி விழும். சூசை அண்ணை, அவன் யாரென்பது முதல் நாளே உங்களுக்குத் தெரியும். அவன் பேசும் இடங்களையெல்லாம் மற்றவர்களுடையதைப் போலவே, அன்பாக, வாசித்திருக்கிறீர்கள். கடைசிவரை எங்களுக்கு ஒரு சாடை காட்டவில்லை. கெட்டிக்காரன் நீங்கள். போய் வாருங்கள், அண்ணை.