ஆனையூருக்கு வந்த குளியல் தொட்டி

மதுரையில் குளிர்காலம் என்று ஒன்று இருப்பதை, மாடியில் காய்கறி போடுகிறவர்கள் மட்டும்தான் நம்புகிறோம். அலுவலகத்தில் ஒரு முறை, "குளிர்காலத்துக்குத் தோட்டத்தைத் தயார் பண்ணணும் சார், சனிக்கிழமை லீவு வேணும்" என்று கேட்டேன். மேலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். லீவு கொடுத்துவிட்டார். பாவம், உடம்புக்கு ஏதோ என்று நினைத்திருப்பார்.

புரட்டாசி பாதி தாண்டினாலே எனக்குக் கை பரபரக்கத் தொடங்கிவிடும். பக்கத்து வீட்டு டீச்சரக்காவுக்கும் அப்படித்தான். அவர் மிஷன் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். ஆனையூரில் எங்கள் இரண்டு வீட்டு மொட்டை மாடிகளும் ஒட்டி இருக்கும், நடுவே இடுப்பளவு சுவர் மட்டும். இருபுறமும் செங்கல் அடுக்கி, அதையே படியாக்கி, நாளுக்கு நாலு தடவை இங்கும் அங்கும் தாண்டுவோம். பழைய பைகளின் மண்ணை மாடியில் கொட்டி வெயிலில் காயவிடுவோம். மட்கிய சாணியும் வேப்பம்புண்ணாக்கும் தேங்காய் நார்த்தூளும் போட்டுக் கிளறுவோம். நார்த்தூள் மூக்கில் ஏறி இருவரும் மாறி மாறித் தும்முவோம். என் கணவர் வங்கிக்காரர். வேலை நாளில் குரலே உயர்த்தாத மனிதர், லீவு நாளில் பிளாஸ்டிக் குழாயும் ரம்பமுமாக வேறு ஆளாகிவிடுவார். அவரைக்காய்க்குப் பந்தல், அணிலுக்கு வலை, தண்ணீர் தானாகச் சொட்ட ஓர் ஏற்பாடு. அந்தத் தண்ணீர் இன்றுவரை ஒரு செடிக்கு மட்டும்தான் சொட்டுகிறது. அதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

காலிஃபிளவர், பீட்ரூட் எல்லாம் எங்களுக்கு ஓரளவு வந்துவிட்டது. கேரட் மட்டும் பிடிகொடுக்கவில்லை. பைகளில் போட்டபோது கோலிக்குண்டு மாதிரிதான் வந்தது. ஆழமான மண் வேண்டும், அகலமான இடம் வேண்டும் என்று டீச்சரக்கா கண்டதையெல்லாம் தட்டிப் பார்த்துக்கொண்டு திரிந்தார். எங்கள் வீட்டு அரிசி டிரம்மைக்கூட ஒருநாள் ஏக்கமாகத் தடவினார்.

அந்த லீவு சனிக்கிழமை காலையில் போன் வந்தது.

"ஏம்மா, எங்க இருக்க? திருப்பரங்குன்றம் பக்கம் பழைய சாமான் கடைல நிக்கிறேன். ஏதோ லாட்ஜ இடிச்சாங்களாம். குளிக்கிற தொட்டி ஒண்ணு கெடக்கு. மனுசன் கால நீட்டிப் படுக்கலாம், அம்புட்டுப் பெருசு!"

"டீச்சரக்கா, அத வச்சு என்ன செய்ய?"

"என்ன செய்யவா? கேரட்டுமா, கேரட்டு! அடியில ஓட்டகூட ரெடியா இருக்கு. தண்ணி தானா வடிஞ்சிரும்!"

கணவரை இழுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து ஓடினேன். தொட்டி இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்தது. இரும்பு இல்லை, ஃபைபர். தட்டினால் டொக் டொக் என்றது. கணவர் சுற்றி வந்து பார்த்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார் என்று நினைக்கிறேன். ஆனால் வந்த வார்த்தை, "செங்கல்ல மேடை கட்டி, தூணுக்கு நேர் மேல வச்சிரலாம்" என்பதுதான். டீச்சரக்கா கை தட்டினார்.

குட்டியானைச் சரக்கு வண்டி ஒன்றைப் பிடித்தோம். தொட்டியை ஏற்றியதும் அது அங்கும் இங்கும் சறுக்கியது. கயிறும் போதவில்லை.

"உள்ள யாராச்சும் உக்காந்துக்கிட்டா ஆடாதுண்ணே" என்றார் டிரைவர் தம்பி, என் கணவரைப் பார்த்து.

அப்படித்தான் ஒரு வங்கி அதிகாரி, சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்ட நிலையில், இளஞ்சிவப்புக் குளியல் தொட்டியில் உட்கார்ந்து மதுரையைக் குறுக்கே கடந்தார். டீச்சரக்காவின் ஸ்கூட்டரில் அவரும் நானும் பின்னாலேயே போனோம். முதலில் கணவர் வேறு எங்கோ பார்ப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். ஒரு சிக்னலில் பக்கத்தில் டவுன் பஸ் வந்து நின்றது. சன்னல் சன்னலாகத் தலைகள் நீண்டன. கண்டக்டர் படியில் தொங்கியபடி கேட்டார்:

"அண்ணே, முதுகு தேய்க்க ஆளு வேணுமா?"

என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மொதல்ல தண்ணி ஊத்தச் சொல்லுங்க!" என்று சத்தமாகச் சொன்னார்.

பஸ்ஸே சிரித்தது. அடுத்த சிக்னலுக்குள் தூறல் போட ஆரம்பித்தது. டீச்சரக்கா சிரித்த சிரிப்பில் ஸ்கூட்டர் வளைந்து வளைந்து போக, நான் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "ரோட்டப் பாருங்க, ரோட்டப் பாருங்க" என்று கத்திக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான கூத்து. எங்கள் மாடிப்படி வெளிப்பக்கமாக ஏறும், பாதியில் ஒரு திருப்பம். கணவரும் டீச்சரக்காவும் மேலிருந்து இழுக்க, நானும் டிரைவர் தம்பியும் கீழிருந்து தள்ளினோம். திருப்பம் வரை ஒழுங்காக வந்தது. அங்கே ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி. நடுவே தொட்டி வந்து கப்பென்று உட்கார்ந்துகொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. வழி முழுக்க அடைபட்டு, மேலே இருவர், கீழே இருவர்.

"லேசா சாய்ங்க!" என்று மேலிருந்து கத்தினார்கள். "எந்தப் பக்கம்?" என்று நாங்கள் கத்தினோம். "இங்கிட்டு!" என்றார் டீச்சரக்கா. இங்கிட்டு என்பது அவருக்கு எங்கிட்டு என்று எங்களுக்குத் தெரியவில்லை. மழை வலுத்தது.

"ஏம்மா, எங்கள இங்கனயே குடியேத்திராதீங்க!"

"டீத்தண்ணியாவது அனுப்பு" என்றார் கணவர்.

நான் உள்ளே ஓடி டீ போட்டேன். தூக்குவாளியில் ஊற்றி, முறுக்குப் பொட்டலத்தை மூடிமேல் வைத்துக் கட்டினேன். அவர்கள் கொடிக்கயிற்றை அவிழ்த்துக் கீழே விட, வாளி ஆடி ஆடி மேலே போனது. டிரைவர் தம்பிக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன். அவர் தொட்டிக்குக் கீழே மழைக்கு ஒதுங்கி, படியில் உட்கார்ந்து நிம்மதியாகக் குடித்தார்.

அந்த நேரம் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. டீச்சரக்காவின் கணவர், அதிகம் பேசாத மனிதர், குடையுடன் வாசலுக்கு வந்தார். எங்கள் மாடியில் மழையில் நின்று முறுக்குத் தின்றுகொண்டிருந்த மனைவியை அண்ணாந்து பார்த்தார்.

"அங்க என்ன பண்ற?"

"மாட்டிக்கிட்டோம்! தொட்டி வழிய மறிச்சிருச்சு. எறங்க முடியல!"

அவர் குடையைச் சாய்த்து இரண்டு மாடிகளையும் பார்த்தார்.

"சொவத்தத் தாண்டி நம்ம வீட்டு வழியா எறங்க வேண்டியதுதான?"

டீச்சரக்கா கையில் முறுக்கோடு சுவரைத் திரும்பிப் பார்த்தார். அவரே தொடர்ந்தார்: "தொட்டியையும் நம்ம படி வழியா ஏத்தியிருக்கலாம். திருப்பம் இல்ல, அகலமும் சாஸ்தி."

முதலில் டிரைவர் தம்பிக்குத்தான் டீ புரையேறியது. அப்புறம் நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேலே டீச்சரக்கா கைப்பிடிச் சுவரில் கவிழ்ந்து, தோள் குலுங்க, ஏதோ சொல்ல வந்து சொல்ல முடியாமல் கையை மட்டும் ஆட்டினார். நாளுக்கு நாலு தடவை தாண்டும் சுவர்! என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மழைத்தண்ணீரா கண்ணீரா என்று தெரியவில்லை.

சிக்கிய தொட்டியை எடுக்கப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரைக் கம்பியிலும் சுவரிலும் ஊற்றினோம். மழையும் உதவியது. டிரைவர் தம்பியும் பக்கத்து வீட்டு வழியாக மேலே போய், மூன்று பேர் சேர்ந்து உலுக்கியதும் தொட்டி 'சர்ர்' என்று வழுக்கி, படிகளில் தடதடவென்று இறங்கி, நுரை பொங்க வாசலில் போய் நின்றது. அப்புறம் டீச்சரக்கா வீட்டுப் படி வழியாகக் கல்யாண ஊர்வலம் மாதிரி ஏறி, சுவரைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது.

மழை விட்ட வாரத்தில் கணவர் செங்கல் மேடை கட்டினார். அடி ஓட்டையில் வலைத்துணி வைத்து, அதன்மேல் கூழாங்கல் பரப்பி, கிளறி வைத்த மண்ணைக் கூடை கூடையாக நிரப்பினோம். கேரட் விதையைச் சன்ன மணலோடு கலந்து தூவ வேண்டும், இல்லாவிட்டால் கும்பலாக விழுந்துவிடும். டீச்சரக்கா மூச்சை அடக்கித் தூவினார். நான் தும்மிவிடக் கூடாதென்று மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பல நாள் மண் சும்மாவே கிடந்தது. பிறகு ஒரு காலையில், நூல் நூலாகப் பச்சை. டீச்சரக்கா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, பல் தேய்த்த நுரை வாயோடே கூவினார்.

மார்கழியில் நாங்கள் சொல்லிக்கொண்டே இருந்த குளிர் நிஜமாகவே வந்தது. விடியலில் இலைகளில் பனி கோத்திருந்தது. டீச்சரக்கா ஸ்வெட்டர் போட்டு, தலையில் மப்ளர் சுற்றி வந்தார். அவர் கணவரும் காபி டம்ளரோடு பின்னால் வந்தார். அறுவடைக்குத் தை பிறக்கட்டும் என்றுதான் பேச்சு.

"ஒண்ணே ஒண்ண மட்டும் பிடுங்கிப் பாப்பமா?" என்றார் டீச்சரக்கா.

"கூடவே கூடாது" என்றார் என் கணவர். சொன்ன கையோடு அவரே மண்ணை விரலால் விலக்கிப் பார்த்தார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு தோள் எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான், யாருக்கும் பொறுமை இல்லை. நான் பிடுங்கினேன். சுண்டுவிரல் பருமன், இரண்டு கால் முளைத்து, ஒரு காலை இன்னொரு கால்மேல் போட்டிருந்தது. முந்தானையில் துடைத்து நாலாக ஒடித்தோம். மண் நறநறத்தது. இனித்தது. டீச்சரக்கா கண்ணை மூடிக்கொண்டு மென்றார். அவர் கணவர் நிதானமாக மென்று, விழுங்கி, காபியை ஒரு வாய் குடித்தார். நாங்கள் மூவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கேரட்டுதான்" என்றார்.

அடுத்ததை யார் பிடுங்குவது என்று அங்கேயே சண்டை தொடங்கிவிட்டது.