கை நிற்காமல் திரும்பிப் பார்த்தவள்

செய்தி வந்த காலையில் நான் மூன்று திரைகளையும் துடைத்துக்கொண்டிருந்தேன். ஹட்டன் டவுனில் தையல் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் ஜெயராணியின் அறைக்கு ஒரு தடவையாவது வந்தவர்களுக்கு அந்த மேசை ஞாபகம் இருக்கும். கம்ப்யூட்டர் ஒன்று, அதற்குத் திரை மூன்று. முன்னால் சிலேட் மாதிரி ஒரு கறுப்புப் பலகை, அதன்மேல் மையில்லாத பேனா. அந்தப் பேனாவால்தான் அவள் கார்ட்டூன் வரைவாள். கண்டியில் நெஞ்சு ஆபரேஷன் முடிந்து அடுத்த கிழமை வந்துவிடுவாள் என்று நினைத்து, மழைக் குளிரில் மெஷின் விறைத்துப் போகக் கூடாதென்று அன்றைக்கும் சுவிட்சைப் போட்டு வைத்திருந்தேன். அவள் தம்பி பீட்டர் கண்டியிலிருந்து போன் எடுத்தான்.

"அக்கா, ராணி போயிட்டாக்கா."

"எங்க?" என்று கேட்டேன். கேட்கிற கேள்வியா அது? ஆனால் அப்படித்தான் கேட்டேன்.

முப்பத்தோராம் நாளுக்குச் சின்னதாக ஒரு புத்தகம் அடிக்கிறோம், நீங்களும் எழுதுங்க என்று பீட்டர் சொன்னபோது, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளிடம் என்ன தம்பி கேட்கிறாய் என்றேன். "அவளக் கிண்டல் பண்ணுவீங்கள்ல, அதையே எழுதுங்க" என்றான். அதனால் இதைப் படிக்கிறவர்கள் நடுவில் சிரித்துவிட்டால் குற்றம் பீட்டருடையது. எழுத்துப்பிழை பார்த்ததும் அவன்தான்.

முழங்கால் போய் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போக முடியாமல் ஆன பிறகு, அந்த அறையைக் கூட்டித் துடைத்துத் தேத்தண்ணீர் ஊற்றும் வேலைக்குத்தான் போனேன். ராணி என்னைவிடப் பத்து வயது இளையவள். நம்ம தேயிலைத் தோட்டத்தில் கீழே வரிசை வீடுகளாக இருக்கும் பணிய லயத்துப் பிள்ளைதான். ஆனால் எட்டு வயதிலேயே நுவரெலியா ஹாஸ்டலுக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்குப் போய், கம்பெனிகளுக்கு விளம்பரக் கார்ட்டூன் செய்து, பெரிய ஆளாகத் திரும்பி வந்தவள். போன முதல் வாரமே நான் அவளை அழ வைத்தேன். கறுப்புப் பலகையில் தூசி இருக்கிறதே என்று ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தேன். ஓரத்தில் பொத்தான்கள் இருப்பது எனக்குத் தெரியாது. அவள் வந்து உட்கார்ந்து ஒரு வட்டம் போட்டாள். திரையில் முட்டை வந்தது. மறுபடி போட்டாள். மறுபடியும் முட்டை.

"என்னா தங்கச்சி, கோழி வளக்கப் போறீங்களா?"

அவள் சிரிக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு நெஞ்சில் கோளாறு. ஒருநாள் கை வராமல் போய்விடும் என்று அவளுக்குள் ஒரு பயம் இருந்தது. எனக்கு அது பிறகுதான் தெரியும். மத்தியானம் வரை அழுதபடியே வட்டம் போட்டுப் போட்டு அழித்தாள். பிறகு திடீரென்று எதையோ திறந்து பார்த்து மேசையில் ஓங்கித் தட்டினாள்.

"பாக்கியக்கா! பலகை ஒரு திரைக்குத்தான் இருக்கணும். நீங்க அத மூணு திரைக்கும் பரத்தி விட்டுட்டீங்க. அதான் இழுத்துக்கிட்டுப் போகுது!"

ஏசுவாள் என்று நினைத்தேன். அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளை சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தேன். பிறகு எதற்கெடுத்தாலும் அதையே சொல்வாள்: "கோடு கோணினா ஒடனே கையக் கொற சொல்லாதீங்கக்கா. மொதல்ல செட்டிங்கப் பாருங்க."

சோற்றுக்கு விளம்பரம், சனிக்கிழமைக்குச் சொந்தப் படம் என்று பிரித்து வைத்திருந்தாள். சொந்தப் படம் மூன்று நிமிடம்தான். ஓர் அம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறாள். பின்னாலேயே ஒரு சின்னப் பிள்ளை போய், மழைத் தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் நின்று "அம்மா" என்று கூப்பிடுகிறது. அம்மா திரும்பிப் பார்க்கிறாள். அவ்வளவுதான் கதை. அந்த மூன்று நிமிடத்துக்கு மூன்று வருசமா என்று நான் கேட்காத சனிக்கிழமை இல்லை.

ஒருநாள் வலது திரையில் அந்த அம்மா நடந்து போவதை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தேத்தண்ணீரோடு பின்னால் நின்றேன்.

"யாரு இது, கல்யாணப் பொண்ணா?"

"ஏன்க்கா?"

"இடுப்புல மழைக்குக் கட்டியிருக்கிறது படங்குத் துணிதானே? பாவாடை மாதிரி ஆடிக்கிட்டுப் போகுதே! நனைஞ்ச படங்கு ஆடாது தாயி. தகரம் மாதிரி நிக்கும். நாமதான் அதுக்குள்ள ஆடணும்."

அவள் முகம் விழுந்துவிட்டது. அந்த நடைக்காக ஒவ்வொன்றாக வரைந்த நூற்றுச் சொச்சம் படங்களில் அந்த இடுப்பு இருந்தது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் பேனாவை எடுத்து முதல் படத்துக்குப் போய் அழிக்க ஆரம்பித்தாள். அடுத்த சனிக்கிழமை பீட்டரிடம் ஒரு படங்கு வாங்கிவரச் சொல்லி, தண்ணீர் ஊற்றி என் இடுப்பில் கட்டி, பேக்டரி பக்கத்து மலையில் என்னை ஏற விட்டுப் போனில் பிடித்தாள். அதற்குப் பிறகு இடது திரையில் எப்போதும் நான்தான். என் பின்பக்கத்தை அத்தனை பெரிதாகப் பார்க்க வேண்டிய பாவம் நான் என்ன செய்தேனோ!

பேனாவை என் கையில் கொடுத்ததும் அந்த நாட்களில்தான். கொழும்பிலிருந்து பழக வந்த பிள்ளைகளுக்கே அந்தப் பலகை பிடிபட மாதக்கணக்காகும் என்பாள். கை கீழே வரையும், கோடு மேலே திரையில் வரும். கையைப் பார்த்தால் கோடு போகும், கோட்டைப் பார்த்தால் கை தடுமாறும். நான் பிடித்தேன், இழுத்தேன், கோடு நேராக வந்தது. ராணி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எப்பிடிக்கா?"

"கொழுந்தெடுக்கிறப்போ எவ கையப் பாப்பா? கண்ணு அடுத்த செடியில நிக்கும், கை இங்க எடுத்துக்கிட்டே இருக்கும். முப்பது வருசம் இதைத்தானே செஞ்சேன்."

அன்றிலிருந்து அவள் முக்கியமான படங்களை வரைவாள், அவற்றுக்கு நடுவில் வரவேண்டிய படங்களை நான் போடுவேன். முந்தின படம் சிவப்பாகவும் அடுத்த படம் பச்சையாகவும் மங்கலாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் நம் கோடு. அதற்கு வெங்காயத் தோல் என்று பெயராம். "வீட்டு அடுப்படியிலயும் அதைத்தான் உரிக்கிறேன், இங்கயும் அதானா?" என்றேன். ஆனால் சந்தோஷத்தில் அன்று வீடு வரை பஸ்ஸில் சிரித்துக்கொண்டே போனேன்.

எல்லாம் வரைந்தாள். அம்மா திரும்புகிற அந்த முகத்தை மட்டும் வரைய முடியவில்லை. எத்தனை முகம் போட்டிருப்பாள்! ஒன்றில் கண்ணீர், ஒன்றில் சாமி படத்தில் இருப்பது போல ஒரு புன்னகை. ஒருநாள் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னாள்: "நான் ஹாஸ்டல்ல இருக்கிறப்போ அம்மா போயிட்டாங்க. எனக்கு அவங்க முதுகுதான்க்கா ஞாபகம் இருக்கு. பின்னாலயே போவேன், கூப்பிடுவேன். திரும்புனாங்க, அதுவும் தெரியும். முகம் வரல. அடையாள அட்டை போட்டோ ஒண்ணு இருக்கு. அந்த மாதிரி போட்டோவுல யாருதான் தன்ன மாதிரியே இருக்காங்க?"

அவள் வைத்த பேனாவை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தேன். 

"தங்கச்சி, மலையில புள்ள வந்து நின்னா எவ அழுதுக்கிட்டுத் திரும்புவா? ஏசிக்கிட்டே திரும்புவா. 'இங்க எதுக்குடி வந்த, அட்டை கடிக்கும், போடி வீட்டுக்கு!' வாய் அங்க ஏசும், கை இங்க கொழுந்து எடுத்துக்கிட்டே இருக்கும். கை நின்னா பக்கத்து நிரைக்காரி முந்திருவா. தலை மட்டுந்தான் திரும்பும்."

ராணி என்னையே பார்த்தாள். "கை நிக்காது" என்று தனக்குள் சொன்னாள். பிறகு "ஏசினாங்கக்கா" என்றாள். "ஆமா, ஏசினாங்க!" யாரோ பரிசு கொடுத்ததைப் போல இருந்தது அவள் முகம். அன்றைக்கே வரைந்து முடித்தாள். எனக்குக் காட்டவில்லை. "நடுவுல பதினொரு படம் உங்களுக்குத்தான். நான் கண்டி போய்ட்டு வர்றதுக்குள்ள முடிங்க. முகத்தப் பாத்துக் கிண்டல் பண்ணினீங்க, ஆபரேஷன் தியேட்டர்லருந்து எந்திரிச்சு வந்துருவேன்" என்றாள்.

நான் முடிக்கவில்லை. பயம். அவள் வந்த பிறகு பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யலாம் என்று தள்ளிப் போட்டேன். இதை உங்கள் எல்லார் முன்னாலும் ஒத்துக்கொள்கிறேன்.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்துப் பீட்டர் வந்தான். படத்தைக் கொழும்பில் அவளோடு வேலை செய்தவர்களிடம் கொடுத்து முடிக்கலாம் என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். எனக்கு உடனே கண்ணில் வந்தது, அவர்கள் கையில் போனால் அந்த அம்மா கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணீரோடு திரும்புவாள்.

"ரெண்டு நாள் குடு தம்பி" என்றேன்.

உட்கார்ந்தேன். வெங்காயத் தோலைப் போட்டேன். சிவப்பில் முதுகு, பச்சையில் முகம். முகத்தை அப்போதுதான் பார்த்தேன். வாய் பெரிதாகத் திறந்திருந்தது, புருவம் ஒன்று ஏறியிருந்தது, ஏசுகிற வாயின் ஓரத்தில் சிரிப்பு ஒளிந்திருந்தது. பேனாவை வைத்தேன். கோடு கோணிக்கொண்டு போனது. மறுபடி இழுத்தேன், மறுபடியும் அப்படித்தான். அழுகை வந்துவிட்டது. நானெல்லாம் கூட்டித் துடைக்கத்தான் லாயக்கு என்று எழுந்தே விட்டேன். கதவு வரை போன பிறகுதான் அவள் சொல்லும் செட்டிங் நினைவு வந்தது. திரும்பி வந்து ஒரு வட்டம் போட்டேன். முட்டை! பீட்டர் முதல்நாள் திரைகளைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டியிருக்கிறான். பலகை மூன்றுக்கும் பரவிவிட்டது. ராணி காட்டிக் கொடுத்த இடத்தைத் தேடித் திறந்து, ஒரு திரைக்குக் கொண்டுவந்தேன். பிறகு பதினொரு படமும் வந்தன. தலை திரும்பியது. கை நிற்கவில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தைப் போட்டோம். வந்திருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்காக எழுதுகிறேன். அம்மா திரும்பி ஏசத் தொடங்கியதும் பொம்பளைகள் பக்கம் ஒரே சிரிப்பு. "எங்க அம்மாடி இது!" என்று ஒருத்தி சொல்ல, "போடி, இது எங்க அம்மா" என்று இன்னொருத்தி சொன்னாள். பின்வரிசையில் இருந்த சவரியம்மா பெரியம்மா மட்டும் எழுந்து நின்றார். ராணியின் அம்மா லூர்தோடு ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் வேலை செய்தவர்.

"ஏய், நம்ம லூர்து!" என்றார் சத்தமாக. "அந்தப் புருவத்தப் பாருங்கடி. இப்பிடித்தான் ஏசுவா, இப்பிடித்தான் சிரிப்பா!"

ராணி அந்த முகத்தை எங்கிருந்து எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சரியாக எடுத்திருக்கிறாள். அதை அவளிடம் சொல்ல வேண்டியிருந்த ஆட்களில் நானும் ஒருத்தி, அதனால் இங்கே சொல்கிறேன்.

அறையை மூடவில்லை. கொழும்புக்காரர்கள் நடுப் படங்கள் போடும் வேலையை இப்போது எனக்கு அனுப்புகிறார்கள். இரண்டு லயத்துப் பெண்கள் என்னோடு வந்து உட்காருகிறார்கள். கையைப் பார்க்காமல் வேலை செய்யத் தெரிந்தவர்களுக்கு நம்ம ஊரில் பஞ்சமா என்ன?

ராணியுடையது என்று நான் வைத்திருப்பது அந்த மையில்லாத பேனாவும் ஒரு பழக்கமும். காலையில் மாடி ஏறி, திரைகளைத் துடைத்து, சுவிட்சைப் போட்டதும் முதல் வேலையாக ஒரு வட்டம் போட்டுப் பார்க்கிறேன்.

வட்டமாகத்தான் வருகிறது, தங்கச்சி.