சாதிக் தேடிய தப்பு

நம் புள்ளியியல் வகுப்பினர் அனைவருக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது: கேன்டீன் போண்டா இளைத்துவிட்டது. அன்னாரின் நல்லடக்கம் சட்னியில் நடைபெறும்.

இதை நான் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்ட அடுத்த நிமிடம், அதற்குக் கீழேயே செய்தி வந்தது: "சாதிக் போயிட்டான்டா." காய்ச்சலென்று ஆஸ்பத்திரியில் சேர்த்து நான்கு நாள்கூட ஆகவில்லை. இரண்டு பேர் அதற்கும் சிரிக்கும் முகம் போட்டார்கள். என் சேட்டை என்று நினைத்துவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை.

விளாங்குடிக் கணக்கெடுப்பு உங்களுக்கு நினைவிருக்கும். குடிநீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று நம்மில் ஒரு குழு காலையில் சில வீடுகளுக்கு நேரில் போய்க் கேட்டது. இன்னொரு குழு மாலையில் நிறைய வீடுகளுக்குப் போன் போட்டது. நேரில் கேட்டால் பஞ்சம். போனில் கேட்டால் வைகையில் வெள்ளம். கூட்டி இரண்டால் வகுத்துவிடலாம் என்றேன்.

"ரெண்டு தப்பைக் கூட்டி வகுத்தா மூணாவதா ஒரு தப்புதான் மாப்ள வரும்," என்றான் சாதிக். "போனை எடுக்கிறது ஆம்பள. குடத்தை எடுக்கிறது பொம்பள. ரெண்டு பேரும் பொய் சொல்லல."

போனில் கேட்ட வீடுகளில் கொஞ்சத்துக்கு நேரிலும் போய்க் கேட்பது. ஒரே வீட்டின் இரண்டு பதிலுக்கும் உள்ள இடைவெளியை வைத்து மற்றப் போன் பதில்களைத் திருத்துவது. இது அவன் யோசனை. நேரில் போகும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் வீட்டுக்கு மட்டும் அவனும் கூட வந்தான்.

"எழுதிக்கிட்டுப் போயிருவீக. தண்ணி வருமா தம்பி?" என்றார் அந்த வீட்டு அக்கா.

"எழுதுனாத்தான்க்கா தண்ணி லாரி வரும்," என்றான் சாதிக்.

என் படிவங்களைச் சேர்த்ததும் இரண்டு கணக்கும் கைகோத்துக்கொண்டன. "எம்புட்டுச் சுத்தமா எடுத்திருக்க மாப்ள!" என்று கட்டிப்பிடித்தான். மாதிரி எடுத்தவர்கள் பலர், முன்மாதிரியாக எடுத்தவன் நான் ஒருவனே என்று உங்கள் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

அந்தக் கணக்கை வைத்துத்தான் குடியிருப்போர் சங்கம் லாரி போகவேண்டிய தெருக்களை முடிவு செய்தது. அக்காவின் தெரு பட்டியலில் இல்லை. அவர் சாதிக்கைப் போனில் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து என்னைக் கூப்பிட்டான்.

"எங்கயோ தப்புப் பண்ணிட்டேன் மாப்ள. அவுக தெரு எப்படி விட்டுப்போச்சு? எம்புட்டுத் தேடியும் கண்ணுல மாட்ட மாட்டேங்குது."

"உனக்கு ஏத்துற குளுக்கோஸ்ல ரெண்டு குடம் அனுப்பிவிடுடா," என்றேன்.

சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "வீட்டுக்கு வந்ததும் முதல்லருந்து போட்டுப் பாக்குறேன்," என்றான்.

வரவில்லை.

அவனுடையதாக என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் படிவக் கட்டு. ஒவ்வொன்றிலும் பச்சை மையில் டிக் அடித்திருக்கிறான். அதில் முதல் படிவம்தான் நிஜம். மற்ற வீடுகளுக்கு நான் போகவே இல்லை. வெயிலாக இருந்தது, டீக்கடையில் உட்கார்ந்து நானே நிரப்பினேன். மொத்தம் பொருந்துவதற்காகச் சில தெருக்களுக்குப் பஞ்சத்தை அள்ளிக் கொடுத்தேன். அக்காவின் தெருவில் மற்ற வீடுகளுக்குத் தாராளமாகத் தண்ணீர் விட்டேன். சாதிக்கின் கணக்கில் தப்பே இல்லை. அவன் கேட்டபோது சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.