ராசாத்தியின் தும்மல்

ரெங்கம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவள் வீட்டுப் பூனையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அவளுக்கு வாய்த்த வாழ்க்கை அப்படி.

தென்காசியில் எங்கள் வளவில் அடுத்த வீடு அவர்களுடையது. புருஷன் குற்றாலிங்கத்துக்கு மூக்குப்பொடி வியாபாரம். புகையிலைக் காம்பை வறுத்து, வீட்டுக்குள்ளேயே உரலில் போட்டு இடித்து, துணியில் சலித்து, நெய்யும் சுண்ணாம்பும் சேர்த்து வாழைமட்டையில் மடித்து விற்பார். அவர் உலக்கையை எடுத்தால் நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வோம். ரெங்கம்மாள் எதைச் சாத்துவாள்? அந்தத் தூசிக்குள்தானே அவள் சோறு பொங்க வேண்டும்.

வந்த வருஷமே அவளுக்குத் தும்மல் பிடித்தது. பிறகு அது இரைப்பாகிவிட்டது.

"உரல மட்டும் வெளிய எங்கனயாவது கொண்டு போடுங்களேன்" என்று ஒருநாள் கேட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"சோறு போடுத உரலையா வெளிய போடச் சொல்லுத? இடிக்கவன் நான். எனக்குத் தும்மல் வருதா?" என்றார் அவர்.

எப்படி வரும்? மீசை முளைக்கும் முன்னாலிருந்து பொடி போட்டு மரத்துப்போன மூக்கு அது.

வாசுதேவநல்லூரில் அண்ணன் தளவாய் வீட்டுக்குப் போனால் நாலு நாளில் அவளுக்கு இரைப்பு அடங்கிவிடும். திரும்பி வந்தால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். இதை அவளே அவரிடம் எடுத்துச் சொன்னாள், பாவம். அவர் அதையே பிடித்துக்கொண்டார்.

"அண்ணன் வீட்டுல இல்லாத சீக்கு இங்கன வந்தா மட்டும் எப்படிட்டி வருது? புருஷன் வீட்டுல வேல செய்யச் சடவு. அதுக்கு இந்த நடிப்பு."

வளவு முழுக்கக் கேட்கத்தான் சொன்னார். ஆம்பிளைகள் சிலர் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். ஓசிப்பொடி வாங்குகிற மூக்குகள் வேறென்ன செய்யும்? நயா பைசா வந்த வருஷம் அவளை அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டார். "நல்லா இருக்க எடத்துலயே இரு" என்றாராம்.

அண்ணன் வீட்டிலும் எத்தனை நாள் சும்மா சோறு போடுவார்கள்? மதினிக்காரி அவளைப் பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குப் பஞ்சு பொறுக்க அனுப்பினாள். அங்கேயும் தூசிதான்.

இங்கே குற்றாலிங்கத்தின் வீட்டில் எலி பெருகிவிட்டது. ஒரு சாம்பல் நிறக் குட்டியைக் கொண்டுவந்து வளர்த்தார். ராசாத்தி என்று பெயர். கட்டின பெண்டாட்டியை "ஏட்டி" என்பதற்கு மேல் அவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கொஞ்ச நாளில் ராசாத்தி தும்ம ஆரம்பித்தது. பால் குடித்தால் தும்மல், படுத்தால் தும்மல், கண்ணில் எந்நேரமும் நீர். மனுஷர் பதறிப்போனார். துளசியைப் பிழிந்து ஊற்றப்போய் கையெல்லாம் கீறல் வாங்கினார். மாட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கே கொடுத்த மாத்திரையை வெண்ணெயில் உருட்டி ஊட்டினார். எதற்கும் நிற்கவில்லை. தன் வேட்டி நுனியால் அதன் மூக்கைத் துடைத்துவிடுவார்.

சீசனுக்குக் குற்றாலத்தில் கடை போடுவது அவர் வழக்கம். சாரலில் பொடி நமத்துவிடும் என்று அங்கே இடிப்பதில்லை. இங்கேயே இடித்துத் தகர டப்பாவில் அடைத்துக்கொண்டு போவார். அந்த வருஷம் ராசாத்தியையும் கூடையில் வைத்துக் கொண்டுபோனார். வாடகை அறையில் இருந்த வரைக்கும் அது ஒரு தும்மல் போடவில்லை. சீசன் முடிந்து தென்காசிக்கு வந்து உலக்கையைக் கையில் எடுத்தார். பூனை தும்மியது.

"உரல்தான் காரணம். அங்கன இல்லாதது இங்கன வருதுன்னா வேற என்ன? வாயில்லாச் சீவனுக்கு நடிக்கவா தெரியும்?" என்று வளவில் ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

அந்த வாரமே குத்துக்கல்வலசையில் ஒரு ஓலைச் சாய்ப்பைப் பிடித்து, உரலை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். ஆள் வைத்து வீட்டைக் கழுவினார். ராசாத்தியின் தும்மல் நின்றுவிட்டது.

கழுவின வீட்டில் சோறு பொங்க ஆளில்லை என்பது அப்புறம்தான் உறைத்திருக்கிறது. வாசுதேவநல்லூருக்குப் பஸ் ஏறினார்.

"பூனை கதைய அண்ணங்கிட்ட சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாரு. நான் அடுப்படில நின்னு கேட்டேன். வரமாட்டேன்னு சொல்லணும்னுதான் வெளிய வந்தேன். மதினி அதுக்குள்ள என் பெட்டியத் தூக்கி வாசல்ல வச்சுட்டா" என்று ரெங்கம்மாள் பிறகு என்னிடம் சொன்னாள்.

வந்தவளுக்குத் தூசியில்லாத வீடுதான். ஆனால் கிட்டங்கிப் பஞ்சு அவள் நெஞ்சில் தங்கிவிட்டது. நாலு எட்டு நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

அடைமழைக் காலத்தில் ஒரு சாயங்காலம், வாங்கின அரிசியைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். குற்றாலிங்கத்தின் மடியில் ராசாத்தி சுருண்டு படுத்திருந்தது. ரெங்கம்மாள் அடுப்பு முன்னால் உட்கார்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்த்துவிட்டு அவளிடம் சொன்னார்:

"உரல எடுத்தாச்சு. ராசாத்திக்கு நின்னுட்டு. உனக்கு மட்டும் ஏன் நிக்கல? அப்ப நான் அன்னைக்குச் சொன்னது சரிதான?"

எனக்கு வாயில் வந்ததைக் கேட்டுவிடலாம் என்றிருந்தது. ரெங்கம்மாள் கையைக் காட்டி என்னைத் தடுத்தாள். மூச்சைப் பிடித்துப் பேச அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ராசாத்திக்கு நீங்க சீக்கிரமே பாத்துட்டீங்க" என்றாள்.

அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். "பின்ன, பாக்காம விடுவனா?" என்று பூனையின் தலையைத் தடவிக்கொடுத்தார்.