முந்நூறு பெண்களும் ஒரு டிக்கட் பெட்டியும்

அன்று பின்னேரம் கடற்கரை நாடகக் கொட்டகையடியில் நின்றவர்கள் நாலு பேர்: நான், வாப்பாவின் தம்பியான சாச்சா, அவர் மனைவி சாச்சி, நாடகக் கம்பனியின் தலைவர். ஆண்கள் இருவரும் வாசலுக்கு வரவில்லை. தூரத்துப் பூவரச மரத்தடியில் நின்றார்கள். பெண்களுக்கு மட்டுமான காட்சி அது; வாசலில் ஆண் நின்றால் ஒருத்தியும் வரமாட்டாள். அதனால் டிக்கட் பெட்டி ஒன்பது வயதுப் பிள்ளையான என் மடியில் இருந்தது.

மூன்று நாளைக்கு முந்நூறு ரூபாய் பேசிக் கம்பனியைக் கூட்டிவந்தவர் சாச்சா. சாச்சியின் ஒரு காப்பை அடகு வைத்துப் பாதியை முற்பணமாகக் கொடுத்திருந்தார். முதல் இரண்டு நாள் வசூல் கொட்டகைக் கூலிக்கும் நடிகர்களின் சோற்றுக்குமே சரியாகிவிட்டது. நெல் அறுக்கும் வேளாண்மை வெட்டுக்கு முந்திய மாதம், ஆண்களின் கையில் சல்லிக்காசு இல்லை. பெண்களின் சீலை முடிச்சில் இருக்கும் என்பது சாச்சாவின் கணக்கு. ஆளுக்கு ஐம்பது சதம், அதாவது அரை ரூபாய். முந்நூறு பேர் வந்தால் மீதி நூற்றைம்பதும் தீரும், வராவிட்டால் மற்றக் காப்பும் போகும் என்று காலையில் அவர் சொன்னதிலிருந்து நான் சாச்சியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்தவர் சாச்சியின் உம்மா. நான் டிக்கட்டை நீட்டினேன். சாச்சி என் கையைத் தட்டிவிட்டார்.

“உன்ட சாச்சா இரிக்கிறது இவங்கட ஊட்டில. இவங்களிட்டயா சல்லி கேக்கிற, புள்ள?”

கலியாணம் முடித்துப் பெண் வீட்டில் இருப்பவர் மாமியாரிடம் காசு கேட்பது எங்கள் பக்கத்தில் நடக்காது. அவருக்குப் பின்னால் சாச்சியின் தங்கச்சிமார், பெரியும்மாமார், அவர்களின் பிள்ளைகள். “எங்கட குடி ஆக்கள், உடு” என்றார் சாச்சி. தாய்வழியில் எண்ணினால் அந்தக் குடி பாதி ஊர். மற்றப் பாதியில்தான் சாச்சியின் தம்பிமார் பெண் எடுத்திருந்தார்கள். அந்தத் தம்பிமாரின் மனைவிமாரில் ஒருத்தி முடிச்சை அவிழ்த்தபடி, “ஓம், மச்சிட மாப்புள நாடகம் போட்டு நம்மட ஆக்களிட்டயே புடுங்கப் போறாராக்கும்” என்று சிரித்தாள். சாச்சி வெட்கப்பட்டு அவளையும் அவள் ஆக்களையும் சும்மா உள்ளே அனுப்பினார்.

கொட்டகை நிறைந்து, பெண்கள் மணலிலும் இருந்தார்கள். மரத்தடியில் சாச்சா விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். சாச்சியின் காப்பு தப்பியது என்று நினைத்தேன். அவர் சொன்னது முந்நூறு பேர் வந்தால் என்றுதான். வந்துவிட்டார்கள்.

நாடகம் முடிந்து பெண்கள் போனபின் பெட்டியைத் திறந்தார்கள். இருபத்தொரு ரூபாய் ஐம்பது சதம்.

“முதலாளி, சனத்த எண்ணிட்டீங்க. சல்லிய ஆரு எண்ணின?” என்றார் தலைவர்.

சாச்சா என்னைப் பார்த்தார். பிறகு சாச்சியைப் பார்த்தார். “நான்தான் சும்மா உடச் சொன்ன” என்று தலைவரிடம் சாச்சாவே சொன்னார். சாச்சி மற்றக் காப்பைக் கழற்றினார்.

வீட்டுக்குப் போனதும் மாமியார் சாச்சாவுக்குத் தன் கையாலேயே சோறு போட்டார். “என்ட மருமகன்ட மனசு ஆருக்கு வரும்? ஊருக்கே சும்மா காட்டியிரிக்காரு.” சாச்சா தலையை ஆட்டிச் சிரித்தார். காப்புப் போனாலும் அவர் சந்தோசமாகத்தான் இருக்கிறார் என்று நினைத்து நானும் நன்றாகத் தூங்கினேன்.

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். படித்த கணக்கெல்லாம் மறந்துபோயிற்று, இது மட்டும் போகவில்லை. சாச்சா மௌத்தாகி, சாச்சியும் வெறுங்கையோடு போய்ச் சேர்ந்த பிறகும், அந்த இரண்டு காப்புகளையும் மீட்கக் கட்டாமல் நிற்பது, முன்னதுக்கு நூற்றைம்பதும் பின்னதுக்கு நூற்றிருபத்தெட்டரையும் சேர்த்து, இருநூற்று எழுபத்தெட்டு ரூபாய் ஐம்பது சதம்.