புஸ்பராணிக்குச் சுடுதண்ணீர்

கனடாவில், ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில் பக்கம் ஆர்.வி. திருத்தும் தமிழர் ஒருவர் இருக்கிறார் என்றால் முதலில் சிரிப்பார்கள். வீட்டையே சில்லுகளில் ஏற்றிக்கொண்டு கோடையில் ஏரிக்கரைக்குப் போகிறவர்களின் வாகனம் அது. மட்டக்களப்பில் பம்பு திருத்திய கோணேஸ்வரன் இங்கு வந்து அதையே தொழிலாக்கிக்கொண்டார். சொந்தமாகவும் ஒன்று வைத்திருந்தார். பழசுதான், ஆனால் அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் உண்டு.

2009 மே மாதம் அந்த ஆர்.வி. ரொறன்ரோ நகர மத்தியில் ஒரு கார்த் தரிப்பிடத்தில் நின்றது. இலங்கையில் போரை நிறுத்தச் சொல்லித் தெருவில் மறியல் இருந்த பெண்கள் முகம் கழுவவும் தேத்தண்ணீர் குடிக்கவும் அதற்குள் வந்துபோனார்கள். கோணேஸ்வரனின் மனைவி புஸ்பராணியும் அவர்களில் ஒருத்தி. நிமோனியாவிலிருந்து அப்போதுதான் எழும்பியிருந்தாள்.

அன்று காலை தொலைபேசி வந்தது. வன்னியில் அவளுடைய தம்பி ஷெல் விழுந்து செத்துப்போனான். சாவுச் செய்தி கேட்டால் தலை முழுக வேண்டும்.

"வீட்ட போவம், ராணி" என்றார் கோணேஸ்வரன்.

"மத்தச் சனத்துட பிள்ளையள் இன்னும் வன்னிக்குள்ள கிடக்கு. நான் எப்படிப் போற? இதுக்குள்ளயே முழுகுறன்."

குளியலறையில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தாள். ஐஸாக வந்தது.

"பரவாயில்ல, இதிலயே ஊத்துறன்."

"நெஞ்சுச் சளி இன்னும் போகல்ல. கொஞ்சம் பொறு."

அவர் குனிந்து ஹீட்டரைத் தொட்டார். கை சுட்டது. சூடாக்குவதில் பிழையில்லை. சந்தேகம் செக் வால்வில் விழுந்தது. சுடுதண்ணீர் வெளியேறும் இடத்திலுள்ள, பெருவிரல் அளவுப் பித்தளைத் துண்டு அது. தண்ணீரை ஒரு பக்கம்தான் விடும். சுண்ணாம்பு படிந்தால் இறுகிவிடும். பம்பை நிறுத்தி, அதைக் கழற்றி, ஒரு பக்கம் ஊதினார்; காற்றுப் போனது. மறுபக்கம் ஊதினார், போகவில்லை. வால்வு நல்லாயிருந்தது. அப்படியென்றால் சுடுதண்ணீர்க் குழாய்க்குள் சூடாகாத பச்சைத்தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

"அண்ணை, உதென்ன நாதஸ்வரமே? அவ தண்ணியை ஊத்தப்போறா. நான் கையைப் பிடிச்சுக்கொண்டெல்லோ நிக்கிறன்!" என்றாள் புஸ்பராணியோடு தெருவில் இருந்த மக்டலீன்.

மக்டலீனுடைய வெறுங்கால்கள் ஈரமாயிருந்தன.

"கால் எங்க கழுவின நீங்க?"

"வெளியில கிடக்கிற ஷவரிலதான். றோட்டு ஊத்தையோட வீட்டுக்குள்ள ஏறேலுமே? எல்லாரும் கழுவிப்போட்டுத்தான் ஏறுறனாங்கள்."

"கழுவி முடிய தண்ணிய எப்படிப் பூட்டுற?"

"நுனியில பொத்தானை அமத்தினா நிக்குதுதானே. ஒரு சொட்டும் வீணாக்கேல்லை!"

கோணேஸ்வரன் வெளியே ஓடினார். வாகனத்தின் பக்கச் சுவரிலிருந்த அந்த ஷவரில் சூட்டுக் குழாய், பச்சைக் குழாய் இரண்டும் திறந்தே கிடந்தன. நுனி மட்டும் பூட்டியிருந்ததால், வெளியேற முடியாத பச்சைத்தண்ணீர் அந்த ஷவர் வழியாகச் சுற்றிச் சூட்டுக் குழாய்க்குள் ஏறிக்கொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் எந்த வாடிக்கையாளரும் கால் கழுவி ஆர்.வி.க்குள் ஏறியதில்லை, இந்தப் பிழையும் வந்ததில்லை. இரண்டையும் இறுக்கிப் பூட்டினார். வால்வைத் திரும்பப் பொருத்திப் பம்பைப் போட்டார். குளியலறைக் குழாயில் ஆவி பறந்தது.

புஸ்பராணி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பம்பு இரையத் தொடங்கியதும் அவளும் அழத் தொடங்கினாள். வாசலில் தேத்தண்ணீருக்கு வந்த பெண்கள் கூடிவிட்டார்கள்.

ஆர்.வி.யின் தண்ணீர்த் தாங்கி சிறியது. விரைவிலேயே பம்பின் சத்தம் மாறியது. தண்ணீர் முடிந்துவிட்டது, வெறுமனே ஓடினால் பம்பு பழுதாகும். பம்பின் சுவிட்சில் கை வைத்த கோணேஸ்வரனுக்கு, அந்த இரைச்சலுக்குக் கீழே அவளுடைய குரல் கேட்டது. நிறுத்தினால் வாசல்வரை கேட்கும்.

கையை எடுத்தார். பம்பு ஓடிக்கொண்டிருந்தது.