உறைக்காத மிளகாய்

போன சனிக்கிழமை மொன்றியலில், லாசாலில் எங்கள் குசினியில், மனைவி வாங்கி வந்த வாழைப்பழச் சீப்பைத் தலைகீழாகப் பிடித்து உலுப்பிக்கொண்டு நின்றேன். மகள் பார்த்துவிட்டாள். "பழம்தானே அப்பா, அது ஓடாது" என்றாள். பழம் ஓடாதுதான். அதற்குள் இருப்பது ஓடும். இதை விளக்கப் போனால் பள்ளிக்கூடம் முழுக்கப் பிரெஞ்சில் சொல்லிச் சிரிப்பாள் என்பதால், உங்களிடம் சொல்கிறேன்.

பழத்தின் மணம் என்னை ஒன்றும் செய்யாது. ஈரமான அட்டைப்பெட்டியின் மணம்தான் இழுத்துக்கொண்டு போகும். இரண்டாயிரங்களின் தொடக்கம். நான் கனடாவுக்கு வந்து ஒரு குளிர்காலம்கூட முழுதாகக் கழியவில்லை. ஜான்-டலோன் சந்தையில், ஒரு பழக்கடையின் நிலக்கீழ் அறையில் பெட்டி உடைக்கிற வேலை. எடுத்துத் தந்தவர் அதே கடையில் மேலே நின்ற அந்தோனி அண்ணை, மன்னார்க்காரர். பார்க் எக்ஸ்டென்ஷனில் இருவருக்கும் ஒரே அறை. ஆளுக்கொரு மெத்தை, நடுச்சுவரில் அவருடைய மாதா படம். சமையல் அவர், கழுவல் நான். என்னைவிட மூத்தவர். இரைந்து சிரிப்பார், மெல்லிய குரலில் தொலைபேசியில் கதைப்பார்.

அந்த மெல்லிய குரல் முதலில் என் காதில் விழுந்ததேயில்லை. தங்கராசா மாமா சொன்ன பிறகுதான் விழத் தொடங்கியது. மாமா, அம்மா பக்கத்தில் எங்கேயோ சுற்றி வளைத்து வருகிற உறவு. ஒருநாள் மெட்ரோ வாசலில் கண்டவர், என் தோளில் கையை வைத்தார்.

"உவன் அந்தோனியோடை கொஞ்சம் கவனமா இரும் தம்பி."

"ஏன் மாமா?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. கவனமா இரும். அவ்வளவுதான்."

பாம்பு கடித்தால் பல் பட்ட அடையாளமாவது இருக்கும். மாமா விட்டுச் சென்றது ஒரு தடவல் மட்டும். யோசித்துப் பார்த்தால் விஷம் என்ற சொல்லை நாங்கள் பாம்புக்குச் செலவழித்தது குறைவு. பாம்பைப் பயத்தில் 'பூச்சி' என்று செல்லமாகச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரனைத்தான் 'சரியான விசம்' என்போம். தங்கராசா மாமா போன்றவர்களை 'நல்ல மனிசன்' என்போம்.

அதன் பிறகு எல்லாமே சந்தேகம். அந்தோனி அண்ணை ஏன் எனக்கு முன்பே எழும்புகிறார்? தொலைபேசியை எடுத்துக்கொண்டு ஏன் படிக்கட்டுக்குப் போகிறார்? மீன்குழம்பில் தலைத்துண்டை ஏன் எப்போதும் எனக்கே வைக்கிறார்? தலையைத் தருகிறவன் எதையோ எடுக்கப் போகிறான் என்று எனக்குள் ஒரு துப்பறிவாளன் விழித்துக்கொண்டான். என் அகதி வழக்கு முடியாமல் கிடந்த காலம் அது. பயப்படுவதற்கு எனக்குப் பெரிய காரணம் ஒன்றும் தேவைப்படவில்லை. வேறு அறை தேடத் தொடங்கினேன்.

அப்படியிருக்கையில்தான் அது நடந்தது. வாழைப்பழப் பெட்டி ஒன்றின் அடியில் கையைக் கொடுத்தேன். சுட்டுவிரலில் சுருக்கென்றது. இருட்டுக்குள் கால்கள் ஓடியதைக் கண்டேன். எட்டுக் கால். வேறு தேசத்துச் சிலந்தி. ஏணியில் ஏறினேனா பறந்தேனா தெரியாது, மேலே சந்தைக்குள் நின்று குழறினேன்.

"அண்ணை, கடிச்சுப் போட்டுது! விசம்!"

எங்கள் பக்கத்தில் விஷக்கடி என்றால் முதல் வேலை வேப்பிலையோ மிளகாயோ சப்பக் கொடுப்பது. கசப்பு, உறைப்பு தெரிந்தால் தப்பினாய். தெரியாவிட்டால் விஷம் ஏறிவிட்டது. மொன்றியலில் வேப்பிலைக்கு எங்கே போவது? அந்தோனி அண்ணை பக்கத்துக் கடைக்குப் பாய்ந்து ஒரு மிளகாயைப் பறித்து வந்தார். ஊரில் கறிமிளகாய் என்று ஒன்று உண்டு. வெளிறிக் கொழுத்து, தான் சாது என்று தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். இது கரும்பச்சை, ஒல்லி, நுனி வளைந்தது. பார்த்தாலே கண் எரியும். கடித்தேன்.

"உறைக்குதோ?"

"இல்லை அண்ணை."

"வடிவாச் சப்படா!"

"தண்ணி மாதிரிக் கிடக்கு!"

இன்னொன்று தந்தார். அது இனித்தது.  வெங்காய மூட்டையில் சாய்ந்தேன். அவர் முகம் வெளிறியது. "மடு மாதாவே" என்று முனகிக்கொண்டு தன் ஏப்ரன் நாடாவை அறுத்து என் மணிக்கட்டில் இறுக்கினார்.

"விரலைத் தா."

"என்னத்துக்கு?"

சாகிற வேளையிலும் கேட்கிறேன், பாருங்கள். அவர் விரலை வாயில் வைத்து உறிஞ்சித் துப்பினார். மறுபடியும் உறிஞ்சித் துப்பினார். பிறகு சட்டென்று நிறுத்தி, நான் கடித்து வைத்திருந்த மிச்ச மிளகாயை எடுத்துத் தானும் கடித்தார். கண்கள் பிதுங்கின.

"டேய், எனக்கும் உறைக்கேல்லையடா!"

இரண்டு தமிழர் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுவதைப் பார்க்க ஒரு கூட்டம் கூடிவிட்டது. பக்கத்துக் கடை மதாம் ஓடிவந்து மிளகாய்க் கூடையைப் பார்த்தார், எங்கள் வாயைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "சே டூ, மெஸ்யூ! சே டூ!" அது இனிப்பு மிளகாயாம், பொரித்துச் சாப்பிடுகிற வகையாம். எங்கள் கடைக்காரக் கிழவர் கீழே போய், என்னைக் கடித்த பெட்டியைத் தூக்கி வந்தார். அடியில் வளைந்து நின்ற ஸ்டேப்பிள் கம்பியின் நுனியில் என் இரத்தம். ஆனாலும் கால்களைக் கண்டேன் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

சனம் கலைந்த பிறகு கவிழ்த்த கூடைகளில் குந்தியிருந்தோம். என் கையில் கட்டு இன்னும் அவிழவில்லை. அவர் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"தங்கராசா என்னைப் பற்றி உனக்கு என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை அண்ணை."

"ஓம். எனக்கும் உன்னைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லைத்தான். கவனமா இரு எண்டவர்."

இத்தனை நாளும் மற்ற மெத்தையில் படுத்திருந்தவரும் என்னைப் போல ஒரு காதைத் திறந்து வைத்திருந்திருக்கிறார். என்னிடம் எதைக் கண்டு பயந்தாரோ! அப்படியிருந்தும் என் விரலை வாயில் வைத்தார். நான் அறை தேடுவதை விட்டேன். பிறகொருநாள் மாமாவிடம் நேரே கேட்டும் பார்த்தேன். "நான் ஒண்டும் சொல்லேல்லையே தம்பி" என்றார், பால் வடியும் முகத்தோடு.

அந்தோனி அண்ணையின் குடும்பம் வந்து சேர, அவர் ரொறன்ரோவுக்குப் போனார். கொஞ்ச நாள் கதைத்தோம். பிறகு நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும். பிறகு அந்த எண்ணை எடுத்தால் ஒரு பெண் குரல், இப்படி ஓர் இணைப்பு இல்லை என்று இரண்டு மொழியிலும் சொன்னது. அந்த அறையிருந்த கட்டடத்தைப் புதுப்பித்து விலையை ஏற்றிவிட்டார்கள். தங்கராசா மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். யாரோடு கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லித்தர இப்போது ஆளில்லை. ஆனாலும் எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறோம். எனக்கு இன்றைக்கு ஏதாவது கடித்தால் தொலைபேசியில் அவசர எண்ணை அழுத்துவேன். உடனே அம்புலன்ஸில் வருவார்கள், நல்ல பிள்ளைகள், கெட்டிக்காரர். முதலில் கையுறையைப் போட்டுக்கொள்வார்கள்.